சாயங்காலத்து மூச்சு

முதலில் போனது மூச்சு அல்ல, குரல். எழுபதுகளின் நடுவில் என்று நினைவு. வில்லியனூர் கடைத்தெருவில் எங்களுக்கு அரிசிக்கடை. கொள்முதல் என் கணவர் பொறுப்பு. படியால் அளந்து போடுவது நான். ஒன்று என்று தொடங்க மாட்டோம். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் உரக்கச் சொல்லி அளப்போம். காலையில் என் எண்ணிக்கை எதிர்க்கடைக்குக் கேட்கும். பொழுது சாய்ந்தால் ஐந்தாம் படியிலேயே குரல் மூக்குக்குள் போய்விடும்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இமைகள் தாமாகச் சரிந்தன. ராத்திரிச் சாப்பாட்டைப் பாதி மெல்லும்போதே தாடை ஓய்ந்துவிடும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்துகொண்டுதான் தூங்கினேன். விடிந்ததும் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து கிணற்றில் தண்ணீர் இறைப்பேன்.

அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று.

"காலையில நல்லாத்தான இருக்க? அடுப்பு பத்த வைக்கிற நேரத்துக்கு மட்டும் உனக்கு இன்னாடி வந்துடுது?" என்பார் கணவர்.

ஆத்திரம் ஆத்திரமாக வரும். திருப்பிக் கொடுக்க மூச்சு இருக்காது. போகப்போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை நடிக்கத்தான் செய்கிறேனோ என்று.

டாக்டரிடம் காட்டாமல் இல்லை. இழுப்பு (ஆஸ்துமா) என்று ஒருவர் மாத்திரை கொடுத்தார். ஒரு வருஷம் விழுங்கியும் பலனில்லை. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கும் இரண்டு முறை போனோம். விடியலில் எழுந்து, தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்து நல்ல புடவை எடுத்துக் கட்டிக்கொண்டு முதல் பஸ். டாக்டர் முன்னால் உட்காரும்போது கல்யாணத்துக்கு வந்தவள் போல இருப்பேன். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, மனசைத் தளர விடாதீர்கள் என்று அனுப்பிவிடுவார்கள்.

ஒரு சாயங்காலம் சுத்துக்கேணியிலிருந்து ஒரு பெரியவர் அரிசி வாங்க வந்தார். ஏழு வரை சொன்னேன். எட்டாவது படி சாக்கில் விழுந்தது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"ஏழா, எட்டா? இன்னாமா, சொல்லாமலே கொட்டற?" என்று அவர் பிடித்துக்கொண்டார்.

கணவர் சாக்கைக் கவிழ்த்து மறுபடி அளந்தார். எட்டு சரியாக இருந்தது. நான் மூட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தேன். பெரியவர் போன பிறகும் கணவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை மறுபடி ஆஸ்பத்திரி. இந்த முறை ஓர் இளம் டாக்டர். அவரும் நெஞ்சில் சத்தம் ஒன்றுமில்லை என்று சீட்டை மடிக்கப் போனார். கணவர் நகரவில்லை.

"ஐயா, வூட்டு வேலையில வேணா இவ நடிப்பா. அளவுல நடிக்க மாட்டா. நேத்து சாயங்காலம் வாடிக்கைக்காரர் எதிர்லயே எண்ணிக்கைய வுட்டுட்டா. குரலே வரல."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. "காலையில எப்படி இருக்கும்?" என்றார்.

"எதிர்க்கடை வரைக்கும் கேக்கும், ஐயா."

ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். பழக்கதோஷத்தில் நான் "லாபம்" என்று ஆரம்பிக்க, அவர் விழித்தார். கணவர் விளக்கம் சொன்னார். முப்பத்து நாலு வந்தது.

"வீட்டுக்குப் போகாதீங்க. சாயங்காலம் திரும்ப எண்ணிப் பாக்கலாம்," என்றார் டாக்டர்.

பகல் முழுதும் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். ஐந்து மணிக்கு எண்ணினேன். ஒன்பதில் நின்றுவிட்டது. ஓர் ஊசி போட்டார். அரைமணியில் இமைகள் மேலே போயின. எதிரில் இருந்த கணவரை முழுசாகப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன். இருபத்தேழு. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நோய் என்று தெரிந்து யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன். அழவும் அழுதேன்.

மயஸ்தீனியா கிரேவிஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்புக்கு எதிராகத் திரும்பி, நரம்பின் கட்டளை தசைக்குச் சேராமல் தடுக்கும் நோய்) என்றார்கள். உழைக்க உழைக்கத் தசை ஓயும், ஓய்வெடுத்தால் தேறும். மூச்சு விடும் தசைகளும் ஓய்ந்ததால்தான் திணறல். இருபது நாள் படுக்கையில் வைத்திருந்து, நாலு மணிக்கொரு தடவை மாத்திரை என்று சொல்லி அனுப்பினார்கள். நோய் போய்விடவில்லை. சொன்ன பேச்சைக் கொஞ்சம் கேட்கிறது.

இதே போல அலைகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போகாதீர்கள். உடம்பு படுத்துகிற நேரத்தில் போய்க் காட்டுங்கள். அதைக் கண்ணால் பார்த்த ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள். மூச்சே முட்டினால் நேரம் காலம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

என் நாள் இப்போது மாத்திரைக்கு மாத்திரை நகர்கிறது. காலையை வீணாக்குவதில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் கணவர் கேட்காமலே படியை என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார். அடுப்பையும் அவர்தான் பற்ற வைக்கிறார். நான் உட்கார்ந்து ஒரே மூச்சில் எண்ணிப் பார்க்கிறேன். சில நாள் இருபத்தைந்து, சில நாள் பதினைந்து.

"இன்னிக்கு எத்தினி?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்.

சொல்கிறேன். நான் சொன்ன எண்ணை அவர் மறுபடி அளந்து பார்ப்பதில்லை.