பத்து, இரண்டு, மூன்று

எம்.எஸ்ஸி. ஐ.டி. படிக்க ஆசைப்பட்டவர் என் கணவர். நான் இல்லை. இன்று அந்தப் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறவள் நான் என்பதால், இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டி ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் கன்னடம், எதிர் வீட்டில் தெலுங்கு. அவர் விருதுநகர் பக்கத்தில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்கு வந்தவர். உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டரில் எழுதிய கட்டளைப்படி இரும்பைக் கடையும் சி.என்.சி. மெஷின் ஓட்டினார். நான் ஊத்தங்கரைக்காரி. கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்த கையோடு கல்யாணம். அதற்குப் பிறகு என் சான்றிதழ்களை யாரும் கேட்கவில்லை, நானும் எடுத்துப் பார்க்கவில்லை.

அவர் பிளஸ் டூ படித்ததில்லை. அப்படிப்பட்டவர்களுக்கென்று வைத்த ஒரு நுழைவுத் தேர்வை எழுதி, திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் அஞ்சல் வழியாக பி.சி.ஏ. சேர்ந்தார். மூன்று வருடப் படிப்புக்கு ஐந்து வருடம் ஆனது. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும், தூக்கம் மாறும், படிக்கிற நேரமும் மாறும். பட்டம் தபாலில் வந்த அன்று, சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு போய் அதை மறுபடி ஒருமுறை வாசித்துவிட்டு வந்தார்.

எம்.எஸ்ஸி. ஐ.டி.யும் முடித்தால் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாறலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. கிருஷ்ணகிரியில் ஒரு தொலைதூரக் கல்வி மையத்தில் சேர்க்கை நடப்பதாகத் தெரிந்து, அவருடைய விடுமுறை நாளில் இருவரும் போனோம். எங்கள் சான்றிதழ்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தன. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

கவுண்ட்டரில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், பிளஸ் டூ மார்க் ஷீட் காணோமே?"

"அது இல்லம்மா. நேரா டிகிரி பண்ணிட்டேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். விதிமுறைப் புத்தகத்தைத் திருப்பி எங்களிடம் காட்டினாள். "பத்து, ரெண்டு, மூணு. பத்தாவது, அப்புறம் பிளஸ் டூ, அதுக்கப்புறம் மூணு வருஷ டிகிரி. இந்த வரிசையில இருந்தாத்தான் சார் எடுத்துக்குவாங்க."

"டிகிரி டிகிரிதானம்மா? பரீட்சை எழுதித்தானே வாங்கினேன்?"

"எனக்கும் அப்படித்தான் தோணுது சார். ஆனா நான் வாங்கி அனுப்பினாலும் யுனிவர்சிட்டில இருந்து திருப்பிடுவாங்க. உங்களுக்கு ஒரு வருஷம் வீணாப் போயிடும்."

"இப்போ பிளஸ் டூ எழுதிக் குடுத்தா?"

"மறுபடியும் டிகிரியில இருந்து ஆரம்பிக்கணும் சார்." அவள் குரல் தாழ்ந்துவிட்டது. சொல்ல அவளுக்கே கஷ்டமாக இருந்தது தெரிந்தது.

ஃபைலை மூடப் போனவள் நின்றாள். "இது யாரோடது? பி.எஸ்ஸி. மேத்ஸ்?"

"என்னோடது" என்றேன்.

"மேடம், உங்களுக்கு எல்லாமே சரியா இருக்கே! நீங்க இன்னிக்கே சேரலாம்."

அவருடைய பொருளை நான் எடுத்து ஒளித்து வைத்திருந்து, எல்லார் முன்னாலும் பிடிபட்டதுபோல இருந்தது எனக்கு. "ஏங்க, வேணாம். வாங்க போலாம்" என்றேன்.

"சேத்துக்கிறேன்னு சொல்றாங்கள்ல. ஏன் வேணாம்?"

"ஆசைப்பட்டது நீங்க."

"எனக்குக் கிடைக்கலைங்கிறதுக்காக உனக்கும் வேணாமா?"

விண்ணப்பத்தை அவரே வாங்கி, என் பெயரைப் போட்டு, அவர் கையெழுத்திலேயே நிரப்பினார். கையெழுத்து மட்டும்தான் நான் போட்டேன்.

திரும்பும் பஸ் சூளகிரியைத் தாண்டியது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "பி.சி.ஏ. சேரும்போதே யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம்ல" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நாலு பேர் பார்க்க அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

வகுப்புகள் ஞாயிற்றுக்கிழமைகளில். நான் கிளம்பிப் போக, அவர் சமைத்துவைப்பார். கணக்கு எனக்கு வரும், புரோகிராம் வரவில்லை. அதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்லை. முதல் செமஸ்டரிலேயே ஒரு பேப்பர் போனது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதேன். இனி போகமாட்டேன் என்றேன். கல்யாணமானதிலிருந்து அவர் என்மேல் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

"என்னைய வேணாம்னு அவங்க சொன்னாங்க. உன்னைய யாரு சொன்னா?"

கொஞ்ச நேரம் கழித்து அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார். "இதுவும் நம்ம மெஷின் மாதிரிதான். நாம என்ன சொல்றோமோ அதைத்தான் செய்யும். ஒரு வரி விட்டுட்டா டூல் போய் இடிச்சிரும். வரி வரியாப் படி." அப்படித்தான் படித்தேன். நான் எழுதிய எல்லாப் பாடமும் அவருக்கும் தெரியும். சிலது என்னைவிட நன்றாக.

முடித்ததும் பாகலூர் சாலையில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை கிடைத்தது. அவர் கேட்ட நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்ற எண்ணம் பல நாள் என்னை விட்டுப் போகவில்லை. அவரோ ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அடுத்த வருடம் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர், வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "மெஷினுக்கு புரோகிராம் எழுதற எடத்துக்கு என்னைய எடுத்துட்டாங்க."

"சர்டிபிகேட் கேட்டாங்களா?"

"இல்ல. ஒரு புரோகிராமைக் குடுத்து, தப்பு எங்க இருக்குன்னு கேட்டாங்க. காட்டினேன்."

இனி ஷிப்ட் கிடையாது, பகல் வேலைதான் என்றார். மறுநாள் காலை எட்டு மணிக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம்.