போடிமெட்டில் ஒரு பெருச்சாளியும் ஒரு பாசியும்

மார்ச் முதல் வாரம் போடிமெட்டு போனேன், சுற்றிப் பார்க்க அல்ல. என் மச்சினன் முருகனுக்கு மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம். நாற்றங்காலுக்கு நீர் தரும் ஊற்றுக்குட்டை வற்றுகிறது, பெருச்சாளி கரையைக் குடைந்துவிட்டது என்று போனில் அழாத குறை. எட்டு எலிப்பொறியோடு கிளம்பினேன்.

தேனியில் காலை 5.40 பஸ். போடி 15 கி.மீ. அங்கிருந்து ஜீப், போக வர 2,200 ரூபாய். டிரைவர் முதலில் 2,500 கேட்டார்.

"டீசல் விலை தெரியுமாண்ணே?"

"தெரியும். உங்க லாபமும் தெரியும், நானும் வியாபாரிதான்."

மலைப்பாதை 26 கி.மீ., ஒரு மணி நேரம். குட்டையில் சேறுதான் மிச்சம்.

"நாலு பெருச்சாளிய அடிச்சுட்டேன் மச்சான்," என்றான் முருகன் பெருமையாக.

கரையைச் சுற்றிப் பார்த்தேன். வளை எல்லாம் நீர்மட்டத்துக்கு மேலே. கரையின் வெளிப்புறம் புழுதி; கசிந்தால் ஈரம் இருக்காதா? ஊற்று வரும் சரிவோ மொட்டையாகக் கிடந்தது. ஓரத்தில் காய்ந்த பாசி, குவியலாக.

"எவன்டா இதச் சுரண்டினது?"

"குட்டையச் சுத்தம் பண்ணன்னு போன மாசம் நீங்க அனுப்பின ஆளுகதான். பாசிய எடுக்கச் சொன்னாகன்னு மேல வரைக்கும் அள்ளிட்டாக."

அந்த ஆட்களின் மேஸ்திரிக்குப் போன் போட்டுக் கத்தினேன். "பாசின்னா பாசிதான அண்ணாச்சி? ஒண்ணு விடாம அள்ளுன்னு சொன்னது நீங்கதான?" என்றான். நான் சொன்னது குட்டையில் மிதந்த பச்சைப் பாசியை. இரண்டுக்கும் ஒரே பெயர், விளக்கிச் சொல்ல எனக்குச் சோம்பல்.

சரிவில் இருந்தது ஸ்பேக்னம், பஞ்சுபோல நீரை உறிஞ்சி வைக்கும் பாசி. பூச்செடித் தொட்டிக்கென்று காயவைத்துப் பொட்டலமாக என் கடையில் நானே விற்றிருக்கிறேன், வெட்கக்கேடு! தப்பிய ஒரு பிடியைப் பிழிந்தேன். டீ கிளாஸில் பாதி நிறைந்தது. பெருச்சாளியும் தண்ணீரோரம்தான் பிழைக்கிறது. நீந்தும், தின்னும், வளை தோண்டும்; மண்ணை வைத்து இடித்தால் ஒரு மணி நேரத்தில் அடைத்துவிடலாம். இந்தப் பாசி அசையாமல் கிடந்து மழையைக் குடித்து, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். சுரண்டியதை எந்தக் கொத்தனார் பூசுவான்? ஓட்டை போடுகிறவனை அடித்தோம், சரி. தேக்கிவைத்தவனைக் கூலி கொடுத்தல்லவா ஒழித்திருக்கிறேன்!

இந்தப் பக்கம் வருகிறவர்கள் காலை எட்டுக்குள் மெட்டு ஏறிவிடுங்கள், அப்புறம் ஜீப் நெரிசல். ஜீப் வாடகையை ஏறுமுன் பேசுங்கள். சரிவில் பாசி மெத்தென்று ஈரமாகக் கிடந்தால் கால் வைக்காதீர்கள், அள்ளவும் வேண்டாம். தோட்டக்காரர்கள் கூலிக்கு ஆள் விடுமுன் கூடவே போய், எதை எடுக்க வேண்டும் என்று தொட்டுக் காட்டுங்கள்.

குவியலுக்கு அடியில் இன்னும் உயிர் இருந்த பாசியை மறுபடி சரிவில் பரப்பினோம். பிடிக்குமா, தெரியாது. இருக்கிற தண்ணீர் மீதிக்காவது எட்டட்டும் என்று முருகன் பாதி நாற்றைப் பிடுங்கிப் போட்டான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.