உச்சிவெயில் மூத்திரம்

ஏரிக்கரை சுகாதார நிலையத்தில் மூத்திரம் பரிசோதிக்கும் அசியாத்துவுக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும் என்பார்கள். நிற்காமல் என்ன செய்யும்? அவள் அறைச் சுவரில் ஒரு பலகை: 'மூத்திரம் காலை எட்டு மணிக்குள்.' ஏரியில் இறங்குபவர்களின் உடம்பில் புகும் புழுவின் முட்டைகள் மூத்திரத்தில் அதிகம் இறங்குவதோ உச்சிவெயில் நேரத்தில். பதினெட்டு வருடம் சொல்லிப் பார்த்தாள். டாக்டர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

வலை இழுக்கும் த்வாயிபு மூத்திரத்தில் ரத்தம் என்று இரண்டு முறை வந்தான். காலை மூத்திரத்தில் முட்டை தென்படவில்லை. டாக்டர் 'பொம்பளைச் சீக்கு' என்று எழுதி ஊசி போட்டு அனுப்பினார். யாவோ இனத்தார் வீடுகளில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு இருப்பவன். பெண்ணின் அண்ணன் வைத்ததுதான் சட்டம். த்வாயிபு மனைவியின் அண்ணன் மக்விஞ்சா அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு ஊர் கேட்க அவனை ஏசினான். வெள்ளிக்கிழமை பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும், இரண்டு பிள்ளைகளும் தாய் வீட்டில்தான் என்றும் சொல்லிவிட்டான்.

வியாழக்கிழமை, டாக்டர் வாயாலேயே கேட்டுவிடலாம் என்று மக்விஞ்சாவும் கூடவே வந்தான். பழைய சீட்டைப் பார்த்த அசியாத்து அதை மேசையில் அறைந்தாள். இருவரையும் மதியம்வரை உட்காரவைத்தாள். ஓடினால் முட்டைகள் இன்னும் இறங்கும் என்று, மசூதி மேடுவரை ஓடிவிட்டு வந்து, கடைசியில் சொட்டுவதைப் பிடித்துத் தரும்படி த்வாயிபுவிடம் சொன்னாள். மக்விஞ்சா இளித்தான். அவன் கையிலும் ஒரு புட்டியைத் திணித்தாள்.

"எனக்கு எதுக்கும்மா?"

"நீங்களும் அதே ஏரியிலதானே இறங்குறீங்க? பயமா இருந்தா வேணாம்."

ரோஷத்தில் அவனும் ஓடினான்.

ஒரு மணிக்கு மக்விஞ்சாவை நுண்ணோக்கியில் குனியச் சொன்னாள். முனையில் முள் வைத்த முட்டைகள், ஏரிப் புழுவுடையவை.

"பாத்தீங்களா, இவன் எவகிட்டயோ வாங்கிட்டு வந்திருக்கான்."

அசியாத்து கண்ணாடித் துண்டில் ஒட்டியிருந்த பெயரைக் காட்டினாள். "இது உங்களோடது. நீங்க எவகிட்ட வாங்கினீங்க?"

த்வாயிபுவின் கண்ணாடித் துண்டிலும் அதே முள் முட்டைகள். அவள் இருவருக்கும் மாத்திரை கொடுத்தாள். கோபம் மட்டும் இறங்கவே இல்லை.

"ஊர் கேக்கத்தானே ஏசினீங்க. வெளிய அம்பது பேர் நிக்கிறாங்க. போய்ச் சொல்லுங்க."

மக்விஞ்சா வாசலில் போய் நின்றான்.

"எங்க மாப்பிள்ளைக்கு ஏரிச் சீக்குதான்," என்றான். "எனக்கும் அதேதான்."