பதிவாகாத பதில்

வெள்ளையர் ஆட்சியின் கடைசிப் பத்தாண்டில் நான் கொழும்பு புதுக்கடையில் சட்டம் படித்தேன். அந்நாளில் நீதிமன்றத்தில் எல்லாமே ஆங்கிலம். அப்புக்காத்தாக, அதாவது வழக்கறிஞனாக, வரப்போகிறவன் வீட்டிலும் ஆங்கிலம் கேட்டே வளர வேண்டும் என்று நினைத்த என் தகப்பனார், என்னை வெள்ளவத்தையில் ஒரு பறங்கிக் குடும்பத்தின் வீட்டில் தங்கவைத்தார். நல்ல மனிதர்கள், குறை சொல்ல மாட்டேன். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஏழு நாற்காலிகள். ஆறில் அவர்கள், ஏழாவதில் நான். ஒருநாள் முழுக்க அந்த வீட்டில் நான் பேசியதை எண்ணிப் பார்த்தேன். பதினாலு சொற்கள், அவற்றில் நாலு தடவை நன்றி. காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வது என்ற பயம் வருடம் முழுக்க இருந்தது. பின்னேரங்களில் கடற்கரைத் தண்டவாளத்தருகே நின்று ரயில் பெட்டிகளை எண்ணுவேன். வேறு வேலை இல்லை.

கொழும்பில் எனக்கு அப்புக்காத்து உறவினர் ஒருவரும் இல்லை. படிப்பு முடிந்ததும் மூத்த அப்புக்காத்து ஒருவர் ஜூனியராகச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் கைக்கு வழக்கு வராது. இறுதி வருடத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி வழக்கு வைத்தார்கள். அதற்கு நீதிபதியாக அமரச் சம்மதித்த மூத்தவர், வாதாடும் இருவரில் ஒருவனைத் தம்மிடம் எடுத்துக்கொள்வதாக முன்பே சொல்லியிருந்தார். எனக்கு அதைவிட்டால் வேறு வழி தெரியவில்லை.

வழக்கு ஒரு கிணற்றுப் பாதை பற்றியது. பக்கத்து வீட்டு வளவுக்குள்ளால் பத்து வருடத்துக்கு மேல் கிணற்றுக்குப் போய் வந்ததால் அந்தப் பாதை தன் உரிமை என்பது வாதியின் பேச்சு. நான் வளவுக்காரரின் பக்கம். வாதி அவ்வளவு காலமும் அனுமதி கேட்டுத்தான் போனார் என்று காட்டிவிட்டால் அந்த உரிமை போய்விடும். மூன்று வாரம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, அலுமாரியைச் சாட்சியாக வைத்துக் குறுக்கு விசாரணை செய்தேன். மொத்தம் இருபத்தாறு கேள்விகள்.

வாதி தரப்புச் சாட்சியாக வந்தவர் கொட்டாஞ்சேனையில் சுருட்டுக்கடை வைத்திருந்த ஒரு யாழ்ப்பாணத்தார். ஊரில் உண்மையாகவே ஒரு கிணற்று வழக்கில் சாட்சி சொன்னவர். அதையே இங்கும் சொல்ல வந்திருந்தார். நான் ஆங்கிலத்தில் கேட்பேன். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்வார். கடைக்காரரின் தமிழ்ப் பதில் ஆங்கிலமாக வந்த பிறகுதான் நீதிபதியின் பேனா அசையும்.

வாதி தரப்பார் வளவுக்குள் எப்படிப் போனார்கள் என்பது என் ஒன்பதாவது கேள்வி.

"வருசா வருசம் பொங்கலுக்கு முதல் நாள் வந்து கேட்டுப்போட்டுத்தான் தண்ணி அள்ளுவினம்," என்றார் கடைக்காரர். "பலகாரமும் கொண்டந்து குடுப்பினம்."

எனக்கு வேண்டியது அதுதான். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்கமுன் நான் கேட்டுவிட்டேன், தமிழில்.

"ஆரிட்டை அண்ணை கேக்கிறவை?"

"வளவுக்காரற்றை மனுசியிட்டை. நல்ல மனுசி. வாய்தான் பொல்லாதது."

"என்ன பலகாரம்?"

"அரியதரம். கல்லு. நாய்க்குப் போட்டா நாயும் கோவிக்கும்."

நான் சிரித்தேன். எங்கள் வீட்டு அரியதரமும் அப்படித்தான் என்றேன். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். அங்கே கோயிலடியில் யாரைத் தெரியும் என்று கேட்டார், அதையும் சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தபோது நீதிபதி பேனாவை மூடி வைத்திருந்தார். அவரும் தமிழர். ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கியிருக்கும்.

"நீங்கள் இருவரும் பேசியது எதுவும் என் முன்னால் இல்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "கேள்வியைத் திரும்பக் கேளுங்கள்."

கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் சொன்னார். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு நீதிபதியின் முகத்தைப் பார்த்தார்.

"இல்லை. ஒருநாளும் கேட்டுப் போகேல்லை. அவை தங்கடை பாட்டிலைதான் போறவை."

அது ஆங்கிலமாகிப் பதிவாயிற்று. மிச்சமிருந்த பதினேழு கேள்விகளாலும் அதை அசைக்க முடியவில்லை. தீர்ப்பு வாதிக்கு. மூத்தவர் மற்ற மாணவனைக் கூப்பிட்டுத் திங்கட்கிழமை தம்மிடம் வரச் சொன்னார்.

வாசலில் கடைக்காரர் எனக்காக நின்றார்.

"தம்பி, முதல் சொன்னது உமக்கு வில்லங்கமாப் போச்சு எண்டுதான் மாத்திச் சொன்னனான். சரிதானே?"

"சரி அண்ணை," என்றேன். வேறென்ன சொல்வது?

"பிறகேன் அவர் கோவிச்சவர்?"

"நாங்கள் கதைச்சதுக்கு."

"கதைக்கத்தானே கூப்பிட்டவை," என்று சால்வையை உதறித் தோளில் போட்டார். "வாருமன் கடைக்கு. தேத்தண்ணி குடிச்சுக் கதைப்பம். உம்மடை ஊரிலை எனக்குச் சொந்தக்காரர் இருக்கினம்."

வெள்ளவத்தையில் எனக்கு ஓர் அலுவலும் இல்லை. அலுவல் இருக்கிறது என்றேன். இன்னும் இரண்டு வார்த்தை அந்தத் தமிழில் பேசினால் தெருவிலேயே அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவர் கொட்டாஞ்சேனைப் பக்கம் நடந்தார். நான் பஸ் ஏறினேன்.

என்னைச் சேர்த்துக்கொள்ள இன்னொரு மூத்தவர் கிடைக்க மூன்று வருடம் சென்றது. அதுவரை ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தேன். அந்த மூன்று வருடத்துள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போய், சுருட்டுக்கடை சுருட்டுக்கடையாக ஏறி இறங்கினேன். பதினொரு கடைகள். எல்லாரும் என்ன வேணும் தம்பி என்று கேட்டார்கள். அவர் எந்தக் கடையிலும் இல்லை.