சலூன்காரன் தாடி நின்னுபோன கதை

சலூன்காரனுக்கு நாளெல்லாம் கண்ணாடி முன்னால் நிற்கிற வேலை, ஆனால் அதில் தன் மூஞ்சியை மட்டும் அவன் பார்க்கவே மாட்டான். குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கம் ரெண்டு நாற்காலி போட்டுக் கத்தி பிடித்த நானும் அப்படித்தான். நாற்பதுக்கு மேல் உடம்பு ஏமாற்றினதை வெளியே சொல்லாமல் முழுங்கிக்கொண்டிருக்கிற ஆம்பிளைகளே, வாங்க, இப்படிப் பக்கத்தில் உட்காருங்க.

ஆறு நாள் ஷேவிங்

தொண்ணூறுகளின் ஆரம்பம். தினம் மழித்துக்கொண்டிருந்த என் கன்னத்துக்கு வாரம் ஒரு தடவை போதும் என்றாகிவிட்டது. வேறு எவனாக இருந்தாலும் கவலைப்பட்டிருப்பான். நான் தொழில்காரன் ஆச்சே, எல்லாம் என் கைத்திறமை என்று நினைத்துவிட்டேன். "நான் ஒரு தடவை வழிச்சா ஆறு நாளைக்கு முடி எட்டிப் பார்க்காது" என்று என் கன்னத்தையே தொட்டுப் பார்க்கச் சொல்வேன்.

அதை நம்பி ஒரு பேங்க் சார் ஷேவிங் செய்துகொண்டு போனார். மறுநாள் காலை ரயிலுக்குப் போகிறவர் கடைக்குள் தலையை நீட்டி, முள்ளாயிருந்த தன் கன்னத்தைத் தேய்த்துக் காட்டினார். "ஏம்ப்பா, அந்த ஆறு நாள் உன் மூஞ்சிக்கு மட்டுந்தானா?"

ஏறிப்போன கிருதா

கூடவே அசதி. மத்தியானமானால் நின்றபடியே தூங்குவேன். ஒரு லோடுமேனுக்குக் கிருதா ஒதுக்கும்போது கண் அசந்து, வலது கிருதா காதுக்கு மேலே போய்விட்டது. சமமாக்கப் போய் இடதும் காலி. அவர் ரெண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நாற்காலில குந்திகினு நான் தூங்குனா நாயம்ணா. கத்தி வச்சிக்கினு நீ தூங்குனா இன்னா அர்த்தம்?"

சரசுவின் விசாரணை

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். ஆறு மாசமாக நான் சுவர் பக்கம் திரும்பிப் படுக்கிறேன். ஆசை என்பதே எங்கே போச்சு என்று தெரியவில்லை. என் சம்சாரம் சரசு ஒன்றும் கேட்கவில்லை, பேச்சைத்தான் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் நான் இல்லாத நேரம் பார்த்துக் கடைக்கு வந்து, ரெண்டாவது நாற்காலி மாணிக்கத்திடம் விசாரித்திருக்கிறாள். அவன் அதை அப்படியே என்னிடம் ஒப்பித்தான். "உனக்கு வேற தொடுப்பு கீதான்னு அண்ணி கேக்குது. டீக்கடை வரைக்கும் நடக்கவே அண்ணனுக்குத் தெம்பு இல்ல, வேற வூட்டுக்கு எங்க போவப்போவுதுன்னு சொல்லிட்டேன்."

என் சிநேகிதன் ஒருத்தன்

குடும்பம் கையை விட்டுப் போய்விடும் போலிருந்தது. எங்கள் கடையில் கட்டிங் செய்துகொள்கிற டாக்டர் ஒருத்தர் உண்டு. அவர் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டு மெதுவாக ஆரம்பித்தேன். "சார், என் சிநேகிதன் ஒருத்தனுக்கு..." அசதி, தாடி, சுவர், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கன்னத்தை ஒரு பார்வை பார்த்தார். "காலையில எட்டு மணிக்கு உன் சிநேகிதனை வரச் சொல்லு. வரும்போது உன் கையையும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு, ரத்தம் எடுக்கணும்."

எண்ணெய் ஊசி

ரெண்டு தடவை காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஆண் ஹார்மோன் குறைச்சல் என்றார். இனிமேல் குழந்தை வேணுமா, இந்த ஊசி அதற்கு ஆகாதே என்று கேட்டார். இருக்கிற ரெண்டே போதும் என்றேன். மூணு வாரத்துக்கு ஒரு தடவை இடுப்புக்குக் கீழே எண்ணெய் மாதிரி கெட்டி மருந்து. இறங்குவதற்குள் தாம்பரம் போய்த் திரும்பிவிடலாம்.

முதல் ஊசிக்கு மறுநாளே கன்னத்தில் தாடியைத் தேடினேன். ஒன்றும் காணோம். ரெண்டு ஊசி கழித்து நெற்றியிலும் முதுகிலும் பரு வந்தது. மாணிக்கம் என்னை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான். "தாடி வாங்கப் போன, காலேஜ் புள்ள மூஞ்சி வாங்கினு வந்துகீற."

கடைசியில் சரசு

மூணு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை எங்கோ போய்விட்டு நொண்டிக்கொண்டு வந்தால் எந்தப் பொண்டாட்டி சும்மா இருப்பாள்? துணிமணியை மடித்து, அம்மா வீட்டுக்குக் கிளம்பி நின்றாள். அப்படியே அவளை டாக்டரிடம் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். இது உடம்புக் கோளாறு, உங்கள் மேல் பிரியம் குறைந்ததில்லை என்று அவர்தான் எனக்காகச் சொன்னார்.

திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நிற்கும்போதுதான் சரசு பேசினாள். "நான் கிழவியாயிட்டேன்னு எட்டு மாசமா எனக்குள்ளயே அழுதுகிட்டிருந்தேன். ஏங்க, வாயைத் தொறக்கறதுக்கும் ஊசி கீசி இருக்கான்னு டாக்டரைக் கேட்டுட்டு வரட்டா?"

தாடி பழையபடி முளைக்க அஞ்சு மாசம் ஆச்சு, சரசு பழையபடி சிரிக்க அதற்குமேலும் ரெண்டு ஊசி ஆச்சு.