மொட்டைமாடிச் சாவியும் சமுதாய உளவியலும்

பட்டப்படிப்புக்கு உளவியல் எடுத்திருக்கிறேன் என்று சொன்னால் கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு கேள்விகள்தான் கேட்பார்கள். "அப்ப விசர் பிடிச்ச ஆக்களைப் பாக்கப் போறியோ?" என்பது ஒன்று. "நான் இப்ப என்ன நினைக்கிறன், சொல்லு பாப்பம்" என்பது மற்றது. இரண்டுக்கும் சிரித்துப் பழகிவிட்டேன். மூன்றாம் வருடத்தில் சமுதாய உளவியல் என்றொரு பாடம் வந்தபோதுதான் அப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"அதென்ன அது?"

"தனி ஆளை மட்டும் பாக்கிறேல்லை அப்பா. ஆக்கள் இருக்கிற இடம், அயல், எல்லாத்தையும் சேத்துப் பாக்கிறது."

"சனம் முழுக்க விசர் எண்டு சொல்லுறியள். அதுக்கு மூண்டு வருசம் படிக்க வேணுமோ? காலி வீதியில பத்து நிமிசம் நிண்டாக் காணும்."

எங்கள் விரிவுரையாளர் அப்பாவைவிட நம்பிக்கை உள்ளவர். குளிரூட்டிய மண்டபத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, "சமுதாயத்துக்குள் இறங்குங்கள்" என்று ஒவ்வொரு கிழமையும் சொல்வார். சமுதாயம் எங்களுக்குக் கீழேதான் இருக்கிறது என்பதில் வகுப்பில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் ஆறுமாடிக் கட்டடமொன்றில் பதினொரு வருடமாக இருந்தேன். அது சமுதாயமாக இருக்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை. சமுதாயம் என்றால் பஸ் மாறிப் போகிற தூரத்தில், கொஞ்சம் வறுமையோடு, எங்கள் கேள்விக்கொத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

கள ஆய்வுக்கு எங்கள் குழுவில் மூன்று பேர். நான், கிருலப்பனையிலிருந்து வரும் என் தோழி, இரத்மலானைப் பையன் ஒருவன். அவன் முதல் கிழமையிலேயே முடிவுரையை எழுதிவிட்டான்: "இம்மக்களிடையே ஒற்றுமையுணர்வு குறைவாகவே காணப்படுகிறது." இனித் தரவு மட்டும் எடுத்தால் போதும் என்றான்.

தோழியின் அம்மாவுக்குச் சட்டை தைக்கும் பெண் கொட்டாஞ்சேனையில் ஒரு நாலுமாடித் தொடர்மாடியில் இருந்தார். அவருக்கு நாற்பது வயதிருக்கும். வாய் நிறைய ஊசி வைத்துக்கொண்டும் தெளிவாகப் பேசக்கூடியவர். அந்தக் கட்டடம்தான் எங்கள் சமுதாயம் என்று முடிவாயிற்று. ஆங்கிலக் கேள்விக்கொத்தைத் தமிழாக்கியது நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"அயலவருடனான உணர்வுபூர்வமான பிணைப்பில் நீங்கள் எவ்வளவு தூரம் நிறைவடைகிறீர்கள்?" என்று வாசித்தேன்.

அவர் தையல் மெசினை நிறுத்தினார். "இது என்னா பாஷை மிஸ்? பூசையில ஃபாதர் கூட இப்பிடிப் பேச மாட்டாரு."

"பக்கத்து வீட்டாக்களோட எப்பிடி எண்டு கேக்கிறன். ஒண்டிலயிருந்து அஞ்சு வரைக்கும் ஒரு நம்பர் சொல்லுங்கோ."

"எல்லாத்துக்கும் அஞ்சு போடுங்க. போட்டுட்டு, அந்த மொட்டமாடிச் சாவிய வாங்கித் தர ஏலுமா?"

கதவு கதவாகப் போனோம். எல்லா வீட்டிலும் அஞ்சு, எல்லா வீட்டிலும் சாவி. கட்டடத்தின் நலன்புரிச் சங்கச் செயலாளர் எட்டு மாதத்துக்கு முன் மொட்டைமாடிக் கதவைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாராம். உடுப்புக் காயப்போட வருகிறவர்கள் தண்ணீர்த் தாங்கியை அசுத்தமாக்குகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். மழைக்காலம் வேறு. மாடி நடை முழுக்க ஈர உடுப்பு தொங்கியது. பள்ளிக்கூடச் சீருடைகளை மின்விசிறிக்குக் கீழே கதிரையில் விரித்திருந்தார்கள். பெட்சீட்டை விலக்கி விலக்கித்தான் பேட்டி எடுத்தேன். என் குறிப்பேட்டில் செயலாளரைப் பற்றி "அதிகார மனப்பான்மை" என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

இதற்கு ஒரு தலையீடு செய்ய வேண்டும் என்று பாடத்திட்டம் சொன்னது. பாடத்திட்டத்தில் தலையீடு என்றால் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கீழ்மாடி நடையில் வட்டமாகக் கதிரை போட்டு, பெட்டிஸும் தேத்தண்ணியும் வைத்தோம். இரத்மலானைப் பையன் ஒரு மஞ்சள் பந்தைக் கொண்டுவந்தான். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் செவிமடுக்க வேண்டும் என்று விளக்கினான்.

"மல்லி, அதை இங்க தாங்க" என்று அவனைச் சிங்களத்தில் தம்பியாக்கித் தையல்காரப் பெண் வாங்கினார். வாங்கியவர் திருப்பித் தரவே இல்லை. முக்கால் மணித்தியாலம் பேசினார். பந்தைச் செயலாளரின் முகத்துக்கு நேரே ஆட்டி ஆட்டிப் பேசினார். மற்றப் பெண்கள் பந்தில்லாமலே பேசினார்கள். செயலாளர் மெலிந்த மனிதர், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளைச் சட்டையில் பேனா செருகியிருந்தார். அவர் எழுந்து, "தாங்கித் தண்ணி எல்லாரும் குடிக்கிறது. சாவி தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

"உங்களாலதான் மிஸ் இப்ப கோவத்துல போறாரு" என்றார் ஒருவர், மூன்றாவது பெட்டிஸை எடுத்தபடி. மூவரும் பஸ் ஏறினோம். எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், மக்களின் கோபத்தைவிட அறிக்கைக்குக் கிடைக்கும் புள்ளியை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன்.

இரண்டு நாள் கழித்துச் செயலாளர் எனக்கு போன் எடுத்தார். தன்னுடைய பக்கத்தையும் பதிய வேண்டும், தனியே வாங்க என்றார். போனேன். சம்மதப் படிவத்தை முழுக்க வாசித்து, பதவியையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். கீழே நானும் வைத்தேன். "இதுல சொல்றது வெளிய போகாதுன்னு போட்டிருக்கு தானே?"

"ஓம், போகாது."

உள்ளறையில் அவருடைய மனைவி ஒரு துவாயை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்ததும் விரித்து, மறுபடி மடித்தார்.

"இவங்களுக்கு ஞாபகம் போயிட்டு இருக்கு மிஸ்" என்றார். செயலாளரின் குரல் தாழ்ந்திருந்தது. "ஒரு நாள் காலையில காணல. தேடிப் பாத்தா மேல, மொட்டமாடிச் சுவர்ல ஏறி நிக்கிறாங்க. ஹாபருக்குள்ள கப்பல் வருதாம், அதுல அண்ணன் வாராராம். அண்ணன் செத்து முப்பது வருஷம். பின்னால போய் மெதுவா இடுப்பப் பிடிச்சுத்தான் இறக்கினேன். அன்னைக்கே பூட்டு வாங்கிட்டேன்."

"இதை அவையளிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா? பைத்தியக்காரி வீடுன்னு பேரு வரும். தண்ணித் தாங்கின்னு சொன்னா என்னைத்தானே திட்டுவாங்க. திட்டட்டும்."

நான் அடிக்கோடிட்ட இரண்டு சொற்களும் என் பையிலேயே இருந்தன. மூன்று வருடம் படித்தவள் செய்யக்கூடியதைச் செய்தேன்: தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். புறப்படும்போதுதான் ஒன்று கேட்கத் துணிந்தேன். தையல்காரப் பெண்ணிடம் மட்டும் சொல்லலாமா? அவர் கதவைத் திறந்துவிட்டார். ஒரு கிழமை கழித்து போனில், "அவங்க ஒருத்தருக்கு மட்டும்" என்றார்.

அந்தக் கிழமை முழுக்க இதை எப்படி ஆரம்பிப்பது என்று எழுதிப் பழகினேன். தையல்காரப் பெண்ணின் முன் உட்கார்ந்து, மிகக் கவனமாக, சொல் தேர்ந்து, ஒரு நோயாளிக்குச் செய்தி சொல்வதைப் போல அவருக்குச் சொன்னேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அது எங்களுக்குத் தெரியும் தானே மிஸ்."

"என்ன?"

"எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு இவரு அவங்கள இறக்கினத நாலாம் மாடி அக்கா படியில நின்னு கண்டாங்க. இவரு தானா வாயத் தொறக்கட்டும்னு பாத்துட்டு இருக்கோம். அவரு தண்ணித் தாங்கின்னா நாங்களும் தண்ணித் தாங்கின்னுதான் சண்ட பிடிக்கணும்."

"அப்ப அண்டைக்குப் பந்தை வச்சுக்கொண்டு அவ்வளவு திட்டினீங்களே?"

"உடுப்புக் காயலியே மிஸ். அது வேற, இது வேற."

அன்று பின்னேரமே அவர் செயலாளரின் கதவைத் தட்டினார். என்னை வரச் சொல்லவில்லை. என்ன பேசினார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த முறை போனபோது சாவி தையல்காரப் பெண்ணின் மெசின் லாச்சிக்குள், நூல்கண்டுகளோடு இருந்தது. காலை ஏழு முதல் பத்து வரை கதவு திறந்திருக்கும், அந்த நேரம் ஒருவர் சுவரோரம் நிற்க வேண்டும், பிறகு பூட்ட வேண்டும் என்று அவர்களே ஒழுங்கு செய்திருந்தார்கள். செயலாளரின் மனைவியையும் மேலே கூட்டிப் போனார்கள். அவர் கொடியிலிருந்து மற்றவர்களின் ஈரச் சட்டைகளைக் கழற்றி அழகாக மடித்து வைக்க, அவர் முதுகைத் திருப்பியதும் திரும்ப எடுத்து விரித்தார்கள். ஒருவரும் அதைப் பற்றி முறைப்பாடு சொல்லவில்லை.

அறிக்கையில் இதில் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. இரகசியம் காப்பதாக நானே கையெழுத்து வைத்திருந்தேன். ஆகவே "கலந்துரையாடலின் பின்னர் பொதுவெளிப் பயன்பாடு மேம்பட்டது" என்று எழுதினோம். இரத்மலானைப் பையன் தன் பழைய முடிவுரையை நீக்க மறுத்தான். அதுவும் உள்ளே இருந்தது. விரிவுரையாளர் ஓரத்தில் சிவப்பு மையால், "இந்த மாற்றம் உங்கள் தலையீட்டினால்தான் ஏற்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை" என்று எழுதி, பி மைனஸ் போட்டிருந்தார். அந்த வருடம் எங்களைப் பற்றி யாரும் எழுதியவற்றில் ஆகத் துல்லியமான வசனம் அதுதான்.

இந்த வருடம் இதை எழுத நினைத்தபோது செயலாளருக்கு போன் எடுத்து அனுமதி கேட்டேன். மனைவி இப்போது படுக்கையில் இருக்கிறாராம். கீழ்வீட்டுப் பெண்கள் மாறி மாறி வந்து சோறு ஊட்டுகிறார்களாம். 

"எழுதுங்க மிஸ். பேரு மட்டும் போடாதீங்க" என்றார். போனை வைக்கப் போனவர் மறுபடி கூப்பிட்டார். "ஆனா செயலாளர்ன்னு போடுங்க. இப்பவும் நான்தான் செயலாளர்."