கழுத்தில் பூசிய அயடீன்

அக்காவின் கழுத்து வீங்கத் தொடங்கியது எழுபதுகளின் கடைசியில். அவள் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள். நான் பதுளையில் அறையெடுத்து, ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பல பெண்களுக்குக் கழலை இருந்ததால் அதை யாரும் நோயாக எண்ணவில்லை. விழுங்கச் சிரமப்பட்ட பிறகே ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கபில நிற மருந்தொன்று கொடுத்தார். அதற்குக் கேட்காவிட்டால் கழலையை வெட்டவேண்டும், சிலருக்குக் குரல் கம்மும் என்றார்.

“கொரலு போயிட்டா, வேலை வாங்குற கங்காணிய யாரு ஏசுறது?” என்று பஸ்ஸில் சிரித்தாள். போத்தலை மடியில் இறுகப் பிடித்திருந்தாள்.

ஐந்து மாதம் கழித்து மீண்டும் போனோம். வீக்கம் பெருத்திருந்தது. தாடையிலிருந்து காறையெலும்பு வரை தோல் கபில நிறம்.

“என்ன பூசினனீங்கள்?”

“நீங்க குடுத்த மருந்துதாங்க. ரெண்டு வேளையும் விடாம தடவுறேன்.”

“தண்ணியில விட்டுக் குடிக்கவல்லோ தந்தனான்!”

தோட்டத்து மருந்துச்சாலையில் கபில மருந்து என்றால் அயடீன்; அட்டைக்கடிக்கும், செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தி வெட்டுக்கும் பூசுவது. அதைக் குடித்தவர் எவருமில்லை. குடிக்கும் முறை போத்தலில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வாசிக்கத் தெரிந்தவன் நான். வாசிக்கவில்லை.

“இனிக் குடிச்சா வத்துமா?” என்று கேட்டேன்.

டாக்டர் மருந்துச் சீட்டின் பின்புறம் ஒரு வட்டம் வரைந்தார். அது கழுத்திலுள்ள தைரோயிட் சுரப்பியின் ஒரு கலம், அதாவது உயிரணு. இரத்தத்திலிருந்து அயடீனை உள்ளே இழுப்பது அதன் வேலை. வளர்ச்சிக் காரணிகள் என்று சில பொருள்கள் வெளியிலிருந்து வந்து அதன் சுவரில் ஒட்டும். உடனே உள்ளே கல்சியம் அயன்கள் கூடும். கலத்துக்கு அது ஒரு செய்தி: பெருகு. பெருகத் தொடங்கிய கலம் அயடீன் இழுப்பதைக் குறைத்துவிடும்.

“முழுக்க ஒருத்தருக்கும் தெரியாது. இப்பத்தான் ஆராயினம்.”

அக்கா வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப உள்ள ஒரு கங்காணி இருக்கான். ஆளச் சேத்துக்கிட்டே இருக்கான், வேலை வாங்கத் தெரியல.”

டாக்டர் சிரிக்கவில்லை. “ஓம். இவ்வளவு சேர்ந்த பிறகு மருந்தால அனுப்பேலாது.”

அடுத்த மாதம் வெட்டினார்கள். திரும்பும் பஸ்ஸில் பசறை வரும்வரை அவள் பேசவில்லை. பிறகு மூன்று முறை வாயைத் திறந்தாள். மூன்றாவது முறை காற்றுப்போல ஏதோ வந்தது. காதை அருகில் கொண்டுபோனேன்.

“தோட்டத்துக் கங்காணி பொழச்சான்” என்றாள்.